நீவலா, க்ரூமிங்கா, போர்டிங்கா: நாயை நம்பி ஒரு இரண்டாவது பிழைப்பு

நாற்பத்தேழு வயதில் ஜவுளிக்கடைக் கணக்கு வேலையை விட்டு வெளியே வந்தேன். கையில் கொஞ்சம் பி.எஃப். பணம், சின்ன வயதிலிருந்து வீட்டில் நாய் வளர்த்த பழக்கம், அவ்வளவுதான். கும்பகோணத்தில் இருந்துகொண்டு நாயால் பிழைக்க மூன்று வழி தெரிந்தது: மசாஜ், க்ரூமிங் (குளிப்பாட்டி, முடி வெட்டிச் சீவி விடுவது), போர்டிங் (ஊருக்குப் போகிறவர்களின் நாயை வைத்துப் பார்த்துக்கொள்வது). குட்டி போட வைத்து விற்பதை அப்போதே தள்ளிவிட்டேன். 2017ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதிகளின்படி மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்யாமல் அதைச் செய்ய முடியாது. பதிவு செய்துகொள்ளவும் எனக்கு மனசு வரவில்லை. மற்ற மூன்றையும் நான்கு வருஷம் மாற்றி மாற்றிச் செய்துபார்த்தாயிற்று.

என் ஆசை மசாஜ் மேல்தான். ஆனால் அந்தச் சொல்லே இங்கே வம்பு. கடை கேட்டுப் போன இடத்தில் வீட்டுக்காரர், "மசாஜ் சென்டரா? குடும்பங்க இருக்கிற தெரு தம்பி" என்று காட்டிய சாவியைத் திரும்ப மடியில் முடிந்துகொண்டார். நாய்க்கு என்று சொன்னதும் இன்னும் மோசம், நான் கேலி செய்கிறேன் என்றே நினைத்துவிட்டார். அதிலிருந்து "நாய்க்கு நீவி விடுறேன்" என்கிறேன். சுளுக்கு நீவுகிறவரைத் தெரியாத ஆள் டெல்டாவில் ஏது? சட்டென்று புரிந்துவிடுகிறது. கூடவே "என்ன எண்ணெய் சார்?" என்ற கேள்வியும் வரும். எண்ணெய் கிடையாது. தேய்த்தால் நக்கியே தீர்த்துவிடும். வெறும் கைதான்.

மன்னார்குடியில் ஒரு வீடு. பையன் சிங்கப்பூரில், பதினொரு வயசு லாப்ரடார் அம்மாவிடம். கூடம் முழுக்க வழவழ கிரானைட். எழுந்திருக்கும்போது பின்னங்கால் இரண்டும் வழுக்கி அகலும், அதனால் பாரமெல்லாம் முன்பக்கம் ஏறித் தோள்பட்டை கட்டை மாதிரி இறுகிக் கிடந்தது. கோணிச்சாக்கை விரித்து, பக்கத்தில் உட்கார்ந்து, முதல் ஐந்து நிமிஷம் உள்ளங்கையைத் தோளில் வைத்ததோடு சரி. பிறகு காலிலிருந்து நெஞ்சுப் பக்கமாக நீளமாகத் தடவல், அப்புறம்தான் தசையைப் பிடித்துப் பிசைவது. முதுகெலும்பின் மேல் அழுத்தவே கூடாது. நாய் உதட்டை நக்கினாலோ, முகத்தைத் திருப்பி ஓரக்கண்ணால் வெள்ளை தெரியப் பார்த்தாலோ கையை எடுத்துவிட வேண்டும். வயசான நாய்க்கு இருபது நிமிஷம் போதும். அந்த வீட்டில் என் நீவலைவிட அதிகப் பலன் கொடுத்தது, கூடத்தில் ரப்பர் மேட் போடச் சொன்னதுதான். உண்மையை ஒத்துக்கொள்ள வேண்டியதுதான்.

எல்லை எங்கே என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 1984ஆம் ஆண்டு இந்திய கால்நடை மருத்துவ கவுன்சில் சட்டப்படி மருத்துவம் பார்ப்பது பதிவுபெற்ற கால்நடை மருத்துவரின் வேலை. "இடுப்பு மூட்டு தேஞ்சிருக்கு" என்று நான் சொல்லக்கூடாது. "இந்தக் காலை ஊனத் தயங்குது, டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று சொல்லலாம். வெளிநாட்டு ஆன்லைன் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டிக்கொள்ளலாம், அதனால் இந்த எல்லை நகர்ந்துவிடாது. பிரிட்டனிலேயே நோயுள்ள நாயைத் தொட மருத்துவரின் சம்மதம் கேட்கிறார்கள்.

இதில் நானே ஒருமுறை சறுக்கினேன். சோர்ந்து கிடந்த ஒரு நாயை அலுப்பு என்று நினைத்து அரைமணி நேரம் நீவிவிட்டேன். உடம்பு சூடாக இருந்ததை வெயில் என்று விட்டுவிட்டேன். மறுநாள் டாக்டர் பார்த்துவிட்டு உண்ணிக் காய்ச்சல் என்றார். காய்ச்சல், புது அடி, தெரியாத கட்டி, திடீரென்று முதுகு பிடித்துப் பின்கால் இழுத்துக்கொள்வது, எதிலும் கை வைக்கக்கூடாது. இப்போது பையில் தெர்மாமீட்டர் உண்டு. 102.5 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல் காட்டினால் வந்த வண்டியிலேயே திரும்பிவிடுவேன்.

வருமானம்? ஒரு வீட்டுக்கு 400 ரூபாய். மன்னார்குடி போய் வரப் பெட்ரோலையும் அரைநாளையும் கழித்தால் கூலிதான் மிஞ்சும். தை, மாசியில் சம்பா அறுத்துக் காசு கையில் புரளும்போது கூப்பிடுகிறவர்கள், ஆனியில் கூப்பிடுவதில்லை.

க்ரூமிங்குக்கு அப்படி மாசம் பார்த்துக் கூப்பிடுகிற தயக்கம் இல்லை. முடி வளர்ந்துகொண்டேதான் இருக்கும். ஷிட்சூ என்ற நீளமுடிக் குட்டை நாயை வாங்கியவர்கள் சீவ மறந்து, அக்குளிலும் காதுக்குப் பின்னாலும் முடி கம்பளியாகத் திரிந்த பிறகு தூக்கிக்கொண்டு வருவார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் காயாமல் தோல் புண், மற்ற நாளில் உண்ணி. வேலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் முதல் போடணும்: மேசை, ப்ளோயர், கிளிப்பர், தண்ணீர் வசதி, கரண்ட் போனால் இன்வெர்ட்டர். இடுப்பும் போகும். இருபத்தைந்து வயசுப் பையன் ஒரு நாளில் ஆறு நாய் முடிப்பான், எனக்கு மூன்றுக்கு மேல் முடியவில்லை.

போர்டிங்கில்தான் பணம் சேர்த்து வருகிறது, அதைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகமில்லை. தீபாவளி, பொங்கல், மே மாதம் இடமே இருக்காது. அதே நாட்களில் நீங்களும் வீட்டை விட்டு நகர முடியாது. அடுத்தவர் நாய் வெடிச்சத்தத்துக்குக் கேட்டைத் தாண்டி ஓடிவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்தே இரண்டு தீபாவளி தூங்கவில்லை. அக்கம்பக்கத்தார் குரைப்புக்குப் புகார் சொல்வதும் நியாயம்தான். விட்டுவிட்டேன்.

இப்போது காலையில் க்ரூமிங். குளிப்பாட்டி உலர்த்தி முடிந்ததும் பத்து நிமிஷம் நீவல், அதற்குத் தனிக்காசு இல்லை. அந்தப் பத்து நிமிஷத்தில்தான் கைக்குக் கட்டி தட்டுப்படும், கால் வலி தெரியும். டாக்டரிடம் அனுப்பினால், அங்கிருந்து "வாரம் ஒரு தடவை நீவி விடச் சொன்னார்" என்று திரும்பி வருகிறார்கள். ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போய் வந்தவர்களும் இரண்டொருவர் அப்படி வந்திருக்கிறார்கள். நீவலை மட்டும் போர்டில் எழுதியிருந்தால் ஒருவரும் வந்திருக்க மாட்டார்கள்.

இறங்குகிறவர்கள் மேசை வாங்குவதற்கு முன்னால் ரேபிஸ் முன்தடுப்பு ஊசி போட்டுக்கொள்ளுங்கள்: முதல் ஊசி, அது போட்டு ஏழு நாள் கழித்து ஒன்று, முதல் ஊசியிலிருந்து 21 அல்லது 28 நாள் கழித்து ஒன்று. போட்டிருந்தாலும் கடி பட்டால் சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் கழுவிவிட்டு, அன்றைக்கு ஒரு ஊசி, மூன்று நாள் கழித்து ஒன்று. என்னை இதுவரை இரண்டு கடித்திருக்கின்றன, இரண்டும் பொமரேனியன்.