மறுகால் போகும்போதும் மடையை அடைக்கிற சிபியூ கோட்டா: மூன்று வருட அனுபவம்

திண்டுக்கல்லில் லேப் பார்க்கும் நண்பன் போன வாரம் போன் செய்தான். "மாப்ள, உங்க சர்வர்ல பசங்களுக்கு சிபியூவ அளந்து விடுறீங்களாமே, நாங்களும் போடலாமா?" கத்திவிட்டேன். பாவம், அவன் மேல் தப்பில்லை. அரை மணி நேரம் முன்புதான் ஒரு மாணவன் என்னிடம் சண்டைக்கு வந்துவிட்டுப் போயிருந்தான்.

எங்களுடையது அழகர்கோவில் சாலைப் பக்கம் ஒரு கல்லூரி லேப். சர்வரில் 16 கோர் (தனித்தனியாக வேலை செய்யும் சிபியூ பகுதிகள்), உபுண்டு 22.04 லினக்ஸ், எல்லாரும் எஸ்எஸ்எச் வழியாக, அதாவது நெட்வொர்க்கில் லாகின் செய்து, உள்ளே வருவார்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சிபியூ வெயிட், அதாவது போட்டி வந்தால் யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லும் எண், தங்கம். யாருக்கும் எதுவும் மாற்றாவிட்டால் 100. ஆசிரியர்களுக்கு 1000 வைத்தேன். ஓர் ஆசிரியரும் ஒரு மாணவரும் முட்டிக்கொண்டால் பத்துக்கு ஒன்று என்று பிரியும். ஆசிரியர் டீ குடிக்கப் போனால் மாணவன் முழுசையும் எடுத்துக்கொள்ளலாம். சொட்டு வீணாகாது. மேலூர்ப் பக்கம் கடைமடைக்காரர்கள் காலங்காலமாகக் கேட்கிற நியாயம் இது.

ஆனால் இது ஆளுக்குத்தான் பங்கு வைக்கும், கூட்டத்துக்கு வைக்காது. லினக்ஸின் மையமான கெர்னலில் இருக்கும் சிகுரூப், அதாவது ஓடும் நிரல்களைக் குழுவாக்கி அளந்து விடும் வசதி, குழுவுக்குள் குழு வைக்கத் தடை சொல்வதில்லை. சர்வரில் எல்லாவற்றையும் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டிதான் ஒவ்வொரு யூசரையும் நேராக யூசர் ஸ்லைஸ் என்ற பொதுக் குழுவுக்குக் கீழே, ஆளுக்கொரு ஸ்லைஸாக வரிசையாக உட்கார வைத்துவிடுகிறது. மாணவர்களுக்கென்று தனி குரூப் இருந்தாலும் அது திரும்பிப் பார்ப்பதில்லை. 40 பேர் ஒன்றாகக் கம்பைல் கொடுத்தால் அவர்கள் பக்கம் 4000, ஆசிரியர் பக்கம் 1000. 16 கோரில் அவருக்கு மூன்று சொச்சம். வருகிற புகார் எனக்கு.

சரி என்று மாணவர் ஒவ்வொருவருக்கும் சிபியூ கோட்டா 200 சதவீதம், அதாவது இரண்டு கோர் அளவு, என்று உச்சவரம்பு போட்டேன். கெர்னல் 3.2இல், 2012இலேயே வந்த வசதி. அன்றைக்குப் பிடித்தது தலைவலி.

கணக்கு 100 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை. அதற்குள் 200 மில்லிசெகண்ட் சிபியூ நேரம் செலவழிக்கலாம். மாணவனின் பைத்தான் நிரலுக்கு இந்த வரம்பு தெரியாது. மெஷினில் 16 கோர் இருப்பதைப் பார்த்து 16 த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் ஓடும் 16 கிளை வேலைகளை, கிளப்பும். 12.5 மில்லிசெகண்டில் மொத்தமும் காலி, மீதி 87.5 மில்லிசெகண்ட் எல்லாம் உறைந்து நிற்கும். அதே மாணவன் இன்னொரு டெர்மினலில் விம் எடிட்டரைத் திறந்தால் அதுவும் அதே ஸ்லைஸ்தானே, எழுத்து திக்கித் திக்கி விழும். "சார், நெட் ஸ்லோ" என்பார்கள். நெட் இல்லையடா, நான்தான்.

கோட்டாவுக்குப் பதில் கோர்களையே பிரித்துக் கொடுத்தும் பார்த்தேன். திக்கல் போனது. நாற்பது பேரும் நாலு கோரில் பஸ் கூட்டம் மாதிரி நசுங்கினார்கள். திரும்பக் கோட்டாவுக்கே வந்தேன்.

என்னால் தாங்க முடியாதது இதுதான்: மெஷின் சும்மா கிடந்தாலும் கோட்டா விடாது. கண்மாய் நிரம்பி மறுகால் போகிறது, இவன் மடையை அடைத்துக்கொண்டு நிற்கிறான். அழகர் ஆற்றில் இறங்கிய நாள் உள்ளூர் விடுமுறை. ஊரே வைகையில் நிற்க, லேப்பில் ஒரே ஒரு கடைசி வருட மாணவனின் மாடல் மட்டும் ஓடியது. இரண்டு கோரில். பதினான்கு கோர் தூங்கியது. போன வாரம் சண்டைக்கு வந்தது அவன்தான். பழைய லாக்கை எடுத்துக்கொண்டு வந்திருந்தான், பிரிண்ட் போட்டு.

இத்தனைக்கும் இரவு ஒன்பதுக்குக் கோட்டாவைத் தளர்த்த ஒரு டைமர் வைத்திருக்கிறேன். அதற்குத் திருவிழா தெரியாது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூன்று வருடத்தில் ஒரு செமஸ்டர் பிராக்டிகலில்கூட சர்வர் படுக்கவில்லை. அதற்கு முன்பு மாதம் ஒருமுறை யாரோ ஒருவருடைய முடிவில்லா லூப்புக்காக ஓடிப்போய்ப் பட்டனை அமுக்கியிருக்கிறேன்.

நண்பனிடம் என்ன சொன்னேன் என்றால், "போடாத மாப்ள, வெயிட் மட்டும் வச்சுக்க." எங்கள் சர்வரில் கோட்டா அப்படியேதான் இருக்கிறது. அந்த மாணவனுக்கு மட்டும் தீசிஸ் முடியும்வரை எடுத்துவிட்டேன். மற்றவர்களுக்குத் தெரிய வேண்டாம்.