ராத்திரிப் படிப்பா, விடியற்காலைப் படிப்பா, லப்பெயா, குட்டித் தூக்கமா?

மியான்மரின் யாங்கூனில் கரண்டை முறை வைத்துத்தான் விடுகிறார்கள். பிள்ளைகள் எப்போது தூங்குவது என்பதையும் அந்தக் கரண்ட்தான் முடிவு செய்கிறது. இரவு 11 மணிக்குத் தெருவில் யாராவது "மீ லா பீ!" (கரண்ட் வந்துடுச்சு!) என்று கத்தினால் போதும், வீடே எழுந்துவிடும். ஒருவர் தண்ணீர் மோட்டாரைப் போடுவார், ஒருவர் சோற்றுப் பானையைச் செருகுவார், பிள்ளை புத்தகத்தை எடுக்கும். மறுநாள் என் டியூஷனில் அதே பிள்ளை பேனாவைப் பிடித்தபடியே கண் அயரும். நோட்டில் எழுத்து பாதியில் இழுபட்டு, ஒரு கோடாகி, ஓரம்வரை போய் நிற்கும். எனக்குத் திட்ட மனம் வருவதில்லை.

இதைச் சமாளிக்க ஆளுக்கொரு வழி வைத்திருக்கிறார்கள். அருகருகே வைத்துப் பார்க்கிறேன்.

கரண்ட் இருக்கும்வரை படித்துவிட்டு 2 மணிக்குப் படுப்பவர்கள் ஒரு கட்சி. இதில் ஒரு நியாயம் உண்டு. பதின்ம வயதில் உடம்பின் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகிறது. பதினாறு வயதுப் பிள்ளைக்கு இரவு 10 மணிக்குத் தூக்கம் வராதது சோம்பலும் இல்லை, அடமும் இல்லை. சிக்கல், கரண்ட் முறை மாறும்போது வருகிறது. இன்று 2 மணி, நாளை 11, மறுநாள் 3. எழும் நேரமும் அதோடு சேர்ந்து ஆடினால், தூர தேசத்திலிருந்து விமானத்தில் வந்து இறங்கியவர் போல உடம்பு தடுமாறும். ஜெர்மானிய ஆய்வாளர் டில் ரோனபெர்க்கும் அவர் கூட்டாளிகளும் 2006இல் இதற்கு 'சோஷியல் ஜெட்லாக்' என்றே பெயர் வைத்தார்கள்.

9 மணிக்குப் படுத்து 4 மணிக்கு எழச் சொல்வது நம் பெரியவர்களின் கட்சி. காற்று குளிர்ந்திருக்கும், தெரு அடங்கியிருக்கும், மனம் தெளிவாக இருக்கும், எல்லாம் உண்மை. ஆனால் 9 மணிக்குப் படுத்த பிள்ளைக்கு உண்மையில் தூக்கம் பிடிப்பது பதினொன்றரைக்கு. 4 மணிக்கு எழுப்பினால் நாலரை மணி நேரம்தான் மிச்சம். 13 முதல் 18 வயதுவரை 8லிருந்து 10 மணி நேரம் வேண்டும். கல்லூரிப் பிள்ளைக்கும் 7 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. சீக்கிரம் தூக்கம் வருகிற பிள்ளைக்கு இது அருமையான வழி. மற்றவர்களுக்கு ராத்திரிப் படிப்பைவிட இதுதான் மோசம்.

அப்புறம் லப்பெ, அதாவது பர்மியர் தின்னும் ஊறவைத்த தேயிலை. தேர்வுக் காலத்தில் கண் விழிக்க லப்பெ தின்பது இந்த ஊர் மாணவர்களின் பழைய வழக்கம். ஊறிய தேயிலை, பொரித்த பூண்டு, வறுத்த கடலை, எள், நடுவே ஒரு கடி பச்சை மிளகாய். டீ குடித்தால் தண்ணீரில் இறங்கிய சாரம்தான் உள்ளே போகும். லப்பெயில் இலையே போகிறது. காஃபிமிக்ஸ் பாக்கெட்டிலும் காஃபீன்தான், கூடவே நிறையச் சர்க்கரை. நாள் முழுக்க மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்து களைப்பை உணர்த்துகிறது. காஃபீன் அது உட்கார வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. களைப்பு தீர்வதில்லை, மறைந்து நிற்கிறது. உள்ளே போன காஃபீனில் பாதி கழியவே ஏறத்தாழ 5 மணி நேரமாகும். இரவு 9 மணிக்கு ஒரு தட்டு லப்பெ தின்றால் 2 மணிக்கும் பாதி உடம்பில் இருக்கும். வேண்டுமானால் மதியத்துக்குள் டீக்கடையில் ஒரு ச்சோ செய்ன் (இனிப்பான பால் டீ), அதோடு சரி.

இவை எல்லாவற்றையும்விட நான் நம்புவது பகல் குட்டித் தூக்கத்தை. நாசா நிறுவனம் விமானிகளிடம் செய்த சோதனையில் சராசரியாக 26 நிமிடத் தூக்கமே அவர்களைச் சுறுசுறுப்பாக வைத்தது. என் டியூஷன் அறையில் ஒரு பாய் எப்போதும் விரித்திருக்கும். போன மாதம் ஒரு மதியம், கரண்ட் இல்லை, ஃபேன் இல்லை. கண் சிவந்து வந்த பையனிடம் ஈரத் துண்டைக் கொடுத்துப் படுக்கச் சொன்னேன். "சார், கணக்கு பாக்கி இருக்கே" என்றான். 20 நிமிடத்தில் எழுப்பினேன். முகம் கழுவிவிட்டு வந்து, இரண்டு நாளாக ஒரே இடத்தில் தப்பாகப் போட்ட கணக்கைத் தானே பிடித்துத் திருத்தினான். ஒரு மணி நேரம் விட்டிருந்தால் ஆழ்ந்த தூக்கத்தில் இறங்கி, எழும்போது தலை மந்தமாக இருந்திருக்கும். மாலை 4 மணிக்குமேல் தூங்கினால் இரவுத் தூக்கம் போய்விடும்.

ஆக, படுக்கும் நேரம் கொஞ்சம் முன்பின் ஆகட்டும். எழும் நேரத்தை மட்டும் ஞாயிற்றுக்கிழமையிலும் மாற்றாதீர்கள். இங்கே ஆண்டு முழுக்க 5.30க்கும் 6.45க்கும் இடையில் சூரியன் வந்துவிடுகிறது. ஆறரை, ஆறே முக்காலுக்கு எழுந்து வாசலில் நின்றால், அந்த வெளிச்சமே கடிகாரத்தை முன்னால் நகர்த்தும். மாலையில் சார்ஜ் லைட்டில் படித்துவிட்டு இரவு 10.30, 11க்குள் படுத்தால் ராத்திரி கரண்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். விட்டுப்போன தூக்கத்தில் கொஞ்சத்தை மதியம் அந்த 20 நிமிடம் ஈடுகட்டும்.

இப்படி மூன்று நான்கு வாரம் ஒழுங்காக இருந்தும் அசதி போகவில்லை, குறட்டை பலமாக இருக்கிறது, அல்லது பெண் பிள்ளை வெளிறிப்போய் மூச்சு வாங்குகிறாள் என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். இரத்தச் சோகையாகவும் இருக்கலாம்.

பெற்றோரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நடுராத்திரி கரண்ட் வந்தால் மோட்டாரை நீங்கள் போடுங்கள், சோற்றை நீங்கள் வையுங்கள். பிள்ளையின் கொசுவலையைத் தூக்காதீர்கள்.