மாதம் ஆயிரமா, இ.சி.எச்.எஸ். அட்டையா, ஐந்து லட்சக் காப்பீடா?

2003 ஏப்ரல் 1-க்கு முன் படையிலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டுமே இந்தக் கேள்வி. அதற்குப் பின் வந்தவர்களுக்குத் தேர்வு என்ற பேச்சே இல்லை; ஓய்வின்போதே சந்தாவைப் பிடித்துக்கொண்டு இ.சி.எச்.எஸ். எனப்படும் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தில் சேர்த்துவிடுகிறார்கள். எங்கள் காலத்து ஆட்களுக்கு வழி இரண்டு. ஓய்வூதியத்தோடு மாதம் ஆயிரம் ரூபாய் மருத்துவப்படி வாங்கிக்கொண்டு வைத்தியத்தை நாமே பார்த்துக்கொள்வது ஒன்று. அந்தப் படியை விட்டுவிட்டு, சந்தா கட்டி, அட்டை வாங்கிக்கொண்டு, அத்திட்டத்தின் மருத்துவ நிலையமான பாலிகிளினிக்குக்குப் போவது இன்னொன்று. எழுபது வயது நிறைந்தவர்களுக்கு 2024 அக்டோபர் இறுதியில் மூன்றாவது வழியும் வந்துவிட்டது: வருமானம் எவ்வளவு என்று கேட்காமல் தரும் ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை, ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை.

நான் ஹவில்தாராக ஓய்வு பெற்றவன், வீடு புதுச்சேரியில் பாகூர்ப் பக்கம். பல ஆண்டுகள் மருத்துவப்படி வாங்கிவிட்டுப் பிறகு இ.சி.எச்.எஸ்.ஸுக்கு மாறினேன். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதில் ஒளிவுமறைவு இல்லை.

மருத்துவப்படியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1997 டிசம்பரில் நூறு ரூபாயாகத் தொடங்கியது, 2017 ஜூலை முதல் ஆயிரம். ஓய்வூதியத்தோடு தானாக வந்து விழும். யாரிடமும் பில் காட்ட வேண்டியதில்லை, வரிசையில் நிற்க வேண்டியதில்லை. இதை வாங்குகிறவர்கள் இராணுவ மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவை விட்டுக்கொடுக்க வேண்டும். நமக்கு அருகில் இருப்பதே சென்னைப் பரங்கிமலையில்தான் என்பதால் இங்கே யாரும் அதற்காக வருந்தப்போவதில்லை.

இந்த ஆயிரம் போதும் என்பவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் கணக்கு தப்பும் இல்லை. ரெட்டிச்சாவடியில் இருக்கும் என் பழைய நண்பருக்கு இரத்த அழுத்தம் தவிர வேறொன்றும் இல்லை. அவர் இருப்பது கடலூர் மாவட்டம். தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சுகாதாரத் தன்னார்வலர் பெண் வீட்டுக்கே வந்து அழுத்தம் பார்த்து, மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். “நான் எதற்கு அண்ணே முப்பதாயிரம் கட்ட வேண்டும்?” என்று கேட்டார். பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. மாத்திரை இலவசம், ஆயிரமும் கையில். எல்லைக்கு இந்தப் பக்கம் புதுச்சேரியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் மாத்திரை கிடைக்கிறது. நாம்தான் போய் வாங்க வேண்டும். அவசரத்துக்கு மக்கள் மருந்தகம் இருக்கிறது. கம்பெனிப் பெயர் இல்லாத அதே மருந்து பாதி விலைக்கும் கீழே வரும். ஒற்றை நோய், திடமான கால், பிள்ளைகளின் துணை மூன்றும் இருப்பவருக்கு மருத்துவப்படி மோசமான தேர்வு அல்ல.

அவர் சொன்ன முப்பதாயிரம்தான் பலரைத் தயங்க வைக்கிறது. சந்தா பதவிப்படி மாறும். சிப்பாய் முதல் ஹவில்தார் வரை 30,000 ரூபாய், நாயப் சுபேதார் முதல் சுபேதார் மேஜர் வரை 67,000, அதிகாரிகளுக்கு 1,20,000. 1996-க்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்கும் போரில் உயிர்நீத்தவர்களின் மனைவியருக்கும் சந்தாவே கிடையாது. இது தெரியாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களை இன்றும் பார்க்கிறேன். சந்தா ஒரே ஒரு முறைதான், தனியார் காப்பீடு போல ஆண்டுதோறும் பிரீமியம் ஏறிக்கொண்டே போகாது. என் நிலையில் இருப்பவருக்கு அது முப்பது மாத மருத்துவப்படி. அதன் பிறகு வேண்டாமென்று விடும் ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரத்துக்கு ஈடாக என்ன கிடைக்கிறது என்பதுதான் கேள்வி.

பெரும்பாலோர் இதை அறுவை சிகிச்சை, ஐ.சி.யூ. என்று பெரிய செலவை வைத்து எடைபோடுகிறார்கள். என் முடிவைத் தீர்மானித்தது மாதாந்திர மருந்து. ஆஸ்பத்திரியில் படுப்பது எப்போதோ ஒருமுறை. மாத்திரை தினமும் மூன்று வேளை, உயிர் இருக்கும் வரை. எனக்கு இன்சுலின், அழுத்தத்துக்கு இரண்டு மாத்திரை, கொழுப்புக்கு ஒன்று. மனைவிக்குத் தைராய்டு, முழங்கால், அதோடு வயிற்றைக் காக்க இன்னொரு மாத்திரை. கடையில் வாங்கியபோது மாதம் ஐயாயிரத்தைத் தொட்டது, ஊசி மாற்றிய மாதங்களில் தாண்டியது. மருத்துவப்படி அதில் ஐந்தில் ஒரு பங்கு.

இ.சி.எச்.எஸ்.ஸில் இந்த மருந்துகளுக்குப் பணம் கேட்பதில்லை. வெளிநோயாளர் பரிசோதனை, இரத்தச் சோதனை, மருந்து, மருத்துவமனையில் சேர்த்தல் எல்லாம் ஒரே அட்டையில் அடக்கம். இவ்வளவுதான் என்ற உச்சவரம்பும் இல்லை. மருந்து கவுன்டரில் நடப்பதைச் சொன்னால் விளங்கும். மருத்துவர் எழுதிய சீட்டை நீட்டினால், மருந்தாளுநர் ஒவ்வொரு வரியாகப் பார்த்து, இருப்பதை எடுத்துக் கவரில் போடுவார். இல்லாததற்கு எதிரே இருப்பில் இல்லை என்று குறிப்பார். அதை உள்ளூரில் ஒப்பந்தம் உள்ள மருந்துக் கடையிலிருந்து வரவழைத்துத் தருவார்கள், அல்லது நாமே வாங்கிப் பில்லைக் கொடுத்துப் பணம் திரும்பப் பெற வேண்டும். எந்த மாதம் எந்த மருந்து இருக்காது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. இது நாடெங்கும் உள்ள குறை. எனவே பத்து நாள் மாத்திரை எப்போதும் வீட்டில் கையிருப்பாக இருக்கட்டும். இன்சுலின் வாங்கப் போகும் நாளில் ஐஸ் கட்டி போட்ட வாயகன்ற பிளாஸ்க் எடுத்துப் போகிறேன். கிருமாம்பாக்கம் தாண்டி வரும் பஸ்ஸில், சித்திரை வெயிலில், வெறும் கவரில் வைத்துக் கொண்டுவந்தால் ஊசி மருந்து வீணாகிவிடும். குப்பியை ஐஸ்மேல் நேராக வைக்காமல் துணியில் சுற்ற வேண்டும். உறைந்த இன்சுலினும் உதவாது.

பஸ், டோக்கன், காத்திருப்பு என்று அரை நாள் போய்விடுகிறது. எனக்கு வேறு வேலையும் இல்லை என்பதால் அது பெரிதாகத் தெரியவில்லை. படைவீரர் கேன்டீனில் சாமான் வாங்குவதையும் அதே நாளில் வைத்துக்கொள்கிறேன். நடக்க முடியாதவருக்கு இந்த அரை நாள்தான் இத்திட்டத்தின் உண்மையான விலை, அதைச் சந்தாத் தொகையில் பார்க்க முடியாது. சென்னையிலோ பெங்களூரிலோ மகன் வீட்டில் சில மாதம் தங்குகிறவர்களுக்கு ஒரு வசதி: அதே அட்டையை அங்குள்ள பாலிகிளினிக்கிலும் காட்டலாம்.

பெரிய சிகிச்சைக்கு பாலிகிளினிக்கில் பரிந்துரைச் சீட்டு வாங்கிக்கொண்டு, பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஹவில்தார் வரை பொது வார்டு, நாயப் சுபேதார் முதல் சுபேதார் மேஜர் வரை அதற்கு மேல், அதிகாரிகளுக்குத் தனி அறை. என் மனைவிக்குக் கண்புரை அறுவை அப்படித்தான் நடந்தது. மருத்துவமனை முகப்பில் இருந்தவர், “நல்ல லென்ஸ் வேண்டுமென்றால் கூடுதலாகக் கட்டுங்கள்” என்று ஆரம்பித்தார். திட்டத்தில் அனுமதித்த லென்ஸே போதும் என்று எழுதிக் கொடுத்ததும் பேச்சு நின்றது. பார்வை நன்றாகத்தான் இருக்கிறது. அரசிடமிருந்து பில் பணம் வரத் தாமதம் என்று சொல்லி மருத்துவமனைகள் சில சமயம் சேர்க்கத் தயங்குவதாக நண்பர்கள் சொல்கிறார்கள். இருதய அறுவை, புற்றுநோய் போன்றவற்றில் எங்கள் வீட்டுக்கு அனுபவம் இல்லை, அந்த அளவில் இத்திட்டம் எப்படித் தாங்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அவசரம் என்றால் பட்டியலில் இல்லாத மருத்துவமனைக்கும் போகலாம். 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தெரிவிக்க வேண்டும். பணம் மத்திய அரசு ஊழியர்களுக்கான மருத்துவத் திட்டமான சி.ஜி.எச்.எஸ். விகிதப்படிதான் திரும்ப வரும், மீதி நம் கையிலிருந்து. மகன், மருமகள் கைப்பேசியில் இந்த விதியை எழுதி வைத்திருக்கிறேன்; நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுபவன் தானே போன் செய்யப்போவதில்லை.

மூன்றாவதான ஐந்து லட்ச அட்டைக்குப் பெரிய ஆதரவு இருக்கிறது, காரணமும் இருக்கிறது. ஆதார் ஒன்றே போதும், சந்தா இல்லை, முன்பே இருக்கும் நோய்க்கும் முதல் நாளிலிருந்தே செல்லும். ஆனால் இ.சி.எச்.எஸ். உறுப்பினர் இதை எடுத்தால் அதை விட வேண்டும், இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள விதி இடம் தரவில்லை. இந்த அட்டை மருத்துவமனையில் சேர்ந்தால்தான் பேசும். சேர்வதற்கு மூன்று நாள் முன்பும், வீடு திரும்பிப் பதினைந்து நாளும் ஆகும் சோதனை, மருந்துச் செலவு அதில் அடங்கும். பதினாறாம் நாள் மாத்திரை நம் செலவு. என் இன்சுலினுக்கு அங்கே இடமில்லை.

இன்னொன்று, மனைவியின் வயது. எங்கள் தலைமுறையில் கணவனுக்கும் மனைவிக்கும் ஏழெட்டு ஆண்டு இடைவெளி சாதாரணம். எனக்கு எழுபது தாண்டிவிட்டது, அவருக்கு இன்னும் அறுபத்தைந்துகூட ஆகவில்லை. வய வந்தனா அட்டை அவருக்குக் கிடையாது. இ.சி.எச்.எஸ்.ஸில் அவர் இப்போதே இருக்கிறார், எனக்குப் பின் குடும்ப ஓய்வூதியம் வாங்கும்போதும் தொடர்வார். மருத்துவப்படியும் குடும்ப ஓய்வூதியத்தில் வரும்தான், ஆனால் அதே ஆயிரம்தான். எழுபது தாண்டிய, மருத்துவப்படி மட்டும் வாங்கும், மனைவியை இழந்த நண்பர் ஒருவர் ஐந்து லட்ச அட்டையை எடுத்திருக்கிறார். அவர் இடத்தில் நானும் அதைத்தான் எடுத்திருப்பேன்.

சேர முடிவெடுத்தவர்கள் விண்ணப்பத்துக்கு முன் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். ஓய்வூதிய ஆணையில் மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் எப்படி இருக்கின்றன, ஆதாரில் எப்படி இருக்கின்றன என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். படையில் சேர்ந்த காலத்தில் நம் பணிப் பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீஸின் எழுத்தர் இந்திக்காரர்; ‘தனலட்சுமி’யை ஒரு விதமாக எழுதியிருப்பார், ரேஷன் கார்டில் வேறு விதமாக இருக்கும், ஆதாரில் இன்னொரு விதம். பிறந்த தேதி பல பேருக்கு எழுதப்படாமலேயே இருக்கும். கணவன் உயிரோடு இருக்கும்போது ஒரு கையெழுத்திலும் பிரமாணப் பத்திரத்திலும் முடிகிற திருத்தம், பிறகு அந்த அம்மாள் தனியாக அலைய வேண்டிய வேலையாகிவிடும். அந்தத் தாள்களைத் தயார் செய்து ரெக்கார்டு ஆபீசுக்கு அனுப்ப மாவட்டப் படைவீரர் நல அலுவலகத்தில் உதவுகிறார்கள், அதற்குக் கட்டணம் இல்லை. டிஸ்சார்ஜ் புத்தகத்தின் நகல் இரண்டு எடுத்துப் போங்கள்.