தளப் பெயரைப் பொருத்துவதில் அப்பாச்சியும் என்ஜின்எக்ஸும்

குன்னூரில் ஒரே ஐபி முகவரி கொண்ட சர்வரில் தங்கும் விடுதிகள், சிறு தேயிலை விவசாயிகள் சங்கம், பள்ளி எனப் பலருடைய இணையதளங்களையும் நடத்துபவர், வருகிற கோரிக்கை யாருடைய தளத்துக்குரியது என்பதைச் சர்வர் எப்படி முடிவு செய்கிறது என்று தெரிந்துவைத்திருப்பது அவசியம். தளத்தின் பெயரை ஒவ்வொரு கோரிக்கையும் 'ஹோஸ்ட்' தலைப்பில் சொல்லியாக வேண்டும் என்று 1997இல் வெளிவந்த, பிரவுசரும் சர்வரும் பேசும் முறைக்கான எச்டிடிபி 1.1 வரையறை கட்டாயமாக்கியது. இணையதளங்களை வழங்கும் சர்வர் மென்பொருள்களான அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் இரண்டுமே ஐபி முகவரியையும் போர்ட்டையும் (இணைப்பு வந்துசேரும் வாசல் எண்) முதலில் பொருத்திப் பார்த்த பிறகே பெயருக்கு வருகின்றன. வேறுபாடு அதற்குப் பின்தான் தொடங்குகிறது.

அப்பாச்சி, அமைப்புக் கோப்புகளில் எழுதப்பட்ட வரிசையிலேயே தேடி, பொருந்துகிற முதல் விர்ச்சுவல் ஹோஸ்ட்டை (ஒரு தளத்துக்கான அமைப்புப் பகுதி) எடுத்துக்கொள்கிறது. '*.தேயிலை.இந்தியா' என்று, முன்னால் எந்தச் சொல் வந்தாலும் பொருந்தும் நட்சத்திரக்குறிப் பெயர் முன்னால் இருந்தால், 'குன்னூர்.தேயிலை.இந்தியா' என்று துல்லியமாக எழுதிய பகுதி பின்னால் இருந்தும் பயனில்லை. உபுண்டு இயங்குதளத்தில் தளக் கோப்புகள் அகரவரிசையில் ஏற்றப்படுவதால், கோப்புக்கு வைக்கும் பெயரே எந்தத் தளம் திறக்கும் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. (இத்தகைய தமிழ்ப் பெயர்களை இரண்டிலுமே ஆங்கில எழுத்துகளாக மாற்றிய பியூனிகோடு வடிவில்தான் எழுத வேண்டும்.)

என்ஜின்எக்ஸ் துல்லியமான பெயரை முதலில் தேடுகிறது. அது இல்லையென்றால் நட்சத்திரக்குறியில் தொடங்கும் பெயர்களில் மிக நீளமானதையும், அடுத்து நட்சத்திரக்குறியில் முடியும் பெயர்களில் மிக நீளமானதையும் பார்க்கிறது. கடைசியாக வரும் ரெகுலர் எக்ஸ்பிரஷன்களுக்கு (பெயரின் அமைப்பை விவரிக்கும் வடிவக் குறிகள்) மட்டுமே எழுதிய வரிசை முக்கியம். மே மாத மலர்க் கண்காட்சியை ஒட்டிப் புதிய துணைத்தளங்களை அவசரமாகச் சேர்க்க நேர்கிறவருக்கு இந்த முறையே பாதுகாப்பானது என்பது என் உறுதியான கருத்து.

எந்தப் பெயரும் பொருந்தாதபோது, அந்த முகவரிக்கும் போர்ட்டுக்கும் முதலில் எழுதப்பட்ட தளத்தை இரண்டும் தருகின்றன. என்ஜின்எக்ஸில் 'டிஃபால்ட்_சர்வர்' என்று குறித்து வேறொன்றை நியமிக்கலாம். எச்டிடிபிஎஸ் என்னும் மறையாக்க இணைப்பில் இது இன்னும் கூர்மையாகிறது: பெயர் பொருந்தாவிட்டால் அந்த இயல்புநிலைத் தளத்தின் சான்றிதழே (தளத்தின் அடையாளத்தை உறுதிசெய்வது) போய்ச்சேரும், பார்வையாளர் காண்பது பிரவுசரின் எச்சரிக்கையைத்தான். என்ஜின்எக்ஸ் 1.19.4 முதல் அத்தகைய இணைப்பைத் தொடக்கத்திலேயே மறுக்கும் வசதி உண்டு.

ஒன்றில் அப்பாச்சி தெளிவாக முந்துகிறது. அதன் கட்டளையைப் பெரிய 'எஸ்' தெரிவோடு இயக்கினால், எந்தப் பெயர் எந்தக் கோப்பின் எந்த வரியில் இருக்கிறது, இயல்புநிலைத் தளம் எது என்பதையெல்லாம் பட்டியலாகக் காட்டிவிடும். என்ஜின்எக்ஸின் பெரிய 'டி' தெரிவு அமைப்பு முழுவதையும் அப்படியே கொட்டுகிறது; பெயர்களை அதிலிருந்து நாமே தேடி எடுக்க வேண்டும்.