பழைய வண்டிக்கு ‘ஹெவி டியூட்டி’ ஆர்ம் போடப் போறீங்களா? 28,500 ரூபாய் அழுதுட்டு எழுதுறேன்

போன ஞாயிறு பொள்ளாச்சியில ஒரு ஸ்பீடு பிரேக்கர். வேகம் இருபதுகூட இருக்காது. ‘டக்’னு சத்தம், ஸ்டீயரிங் கையை உதறிட்டு இடது பக்கம் இழுத்துச்சு. இறங்கிப் பார்த்தா முன் சக்கரம் கால் ஒடிஞ்ச மாடு மாதிரி சாய்ஞ்சு நிக்குது. அப்பர் ஆர்ம், அதாவது முன் சக்கரத்தை மேல்பக்கமா வண்டியோட பிணைச்சு வைக்கிற இரும்புக் கை, ரெண்டு துண்டு.

வண்டி 2003 குவாலிஸ், அப்பா வாங்கினது. ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யுற டார்ஷன் பார்ங்கிற கம்பியை முறுக்கி முன்பக்கத்தை ரெண்டு இன்ச் தூக்கியிருந்தேன். அப்படித் தூக்கினா ஆர்ம் கீழ்நோக்கிச் சரியும், ஆர்ம் நுனியில இருக்குற பால் ஜாயிண்ட் (உருண்டை மூட்டு) திரும்ப இடமில்லாம முட்டும், வீல் அலைன்மென்டும் உட்காராது. அதைச் சரிபண்ணத்தான் பழைய ஜீப், சுமோவெல்லாம் செஞ்சு தர்ற ஒரு பட்டறைக்குப் போனேன்.

ஓனர் நல்லாப் பேசினார். கருப்பு பெயிண்ட் பளபளக்க ஒரு ஆர்மைக் கொண்டுவந்து, தரையில ‘டங்’னு போட்டு, “தூக்கிப் பாருங்க தம்பி, கம்பெனி ஆர்ம் இந்த கனம் வருமா?”ன்னு என் கையில கொடுத்தார். அந்த கனத்துலதான் ஏமாந்தேன். ஜிபேல 28,500 அப்பவே போட்டுட்டேன்.

ஒடிஞ்ச துண்டை எங்க ஊர் லேத் பட்டறை அண்ணன் சுரண்டிக் காட்டினப்பதான் தெரிஞ்சுது. யாரோட பழைய ஆர்மையோ அறுத்து, நடுவுல பிளேட் வச்சு வெல்டு அடிச்சு, மேல பெயிண்ட். ஒடிஞ்ச முகத்துல பாதி வெள்ளி மாதிரி மின்னுது, மீதிப் பாதி துருப்பிடிச்சுக் கிடக்கு. “மின்னுறதுதான் இன்னைக்கு ஒடிஞ்சது. துரு ஏறினது எப்பவோ விரிசல் விட்டது”ன்னார். முந்தின வாரம்தான் குழந்தைகளோட வால்பாறை போயிட்டு 40 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்தோம். இதை எழுதும்போதும் கை நடுங்குது.

ஆர்ம் போட்ட பட்டறைக்குப் போன் பண்ணா, “பள்ளத்துல விட்டிருப்பீங்க.” போட்டோ அனுப்பினா நீல டிக், பதில் இல்லை. மறுநாள் ஒரு பையன் எடுத்து, “அண்ணன் சாப்பிடப் போயிருக்காரு.” மணி சாயங்காலம் நாலரை! நேர்ல போனா, “ஓவர் லோடு சார், நாங்க என்ன பண்றது?” தம்பியா இருந்தவன் சார் ஆயிட்டேன். நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் பண்ணிப் புகார் கொடுக்கலாம்னா பில் கிடையாது. துண்டுச் சீட்டுல ‘பிரண்ட் ஒர்க் 28,500’, அவ்வளவுதான். இன்சூரன்ஸ்ல மெக்கானிக்கல் பிரேக்டவுனுக்கு ஒண்ணும் வராது.

என்ன செய்யணும்னு விவரமா எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்துல ஓடலை. வெல்டு வச்ச ஆர்ம் வேண்டவே வேண்டாம், எவ்வளவு கனமா இருந்தாலும். தூக்கின வண்டியை முதல்ல பழைய உயரத்துக்கு இறக்குங்க. ஏற்கெனவே மாத்தியிருந்தா இன்னைக்கே வண்டியை ஜாக்கில ஏத்தி, வெல்டு ஓரத்துல மயிரிழை மாதிரி கோடு இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. எதை மாத்தினாலும் பில்லோட, கழட்டின பழைய பார்ட்டையும் கையோட வாங்கி டிக்கியில போட்டுக்கங்க. என்னோட ஒரிஜினல் ஆர்மைக் கேட்டேன், எடைக்குப் போட்டாச்சாம்.