பறக்கும் கூழைக்கடாவுக்கு 400 ப்ரைமா, 150-600 ஜூமா?

நாரை, பூநாரை, கூழைக்கடா மாதிரியான பெரிய நீர்ப்பறவைகளைப் பறக்கும்போது படம் பிடிக்க நினைப்பவர்களைக் குழப்பும் ஜோடி இது. ஒரு பக்கம் 1993ல் வந்த கேனான் 400 எம்எம் எஃப்/5.6 லென்ஸ். இது ப்ரைம், அதாவது 400 எம்எம் என்ற ஒரே குவியத்தூரம்தான், கூட்டவோ குறைக்கவோ முடியாது. இன்னொரு பக்கம் 150லிருந்து 600 எம்எம் வரை மாற்றிக்கொள்ளக்கூடிய சிக்மா 150-600 கன்டெம்பரரி ஜூம். இரண்டையும் பயன்படுத்திப் பார்த்துவிட்டு 400ஐ வைத்துக்கொண்டேன், ஜூமை விற்றுவிட்டேன். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதில் ஒளிவுமறைவு இல்லை.

தெரிந்த விஷயங்களைச் சட்டென்று முடித்துவிடலாம். படத்தின் கூர்மைக்கு இரண்டுமே போதும். லென்ஸ் உள்ளே விடும் வெளிச்சத்தில், ப்ரைமின் எஃப்/5.6க்கும் 600ல் ஜூமின் எஃப்/6.3க்கும் இடையே மூன்றில் ஒரு ஸ்டாப்தான் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு). கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவைக் கொஞ்சம் ஏற்றினால் தீர்ந்தது.

"600 கிடைக்கும்போது 400 எதற்கு?" என்று கேட்பார்கள். மீன்கொத்திக்கு அது நியாயமான கேள்வி. கூழைக்கடாவுக்குக் கணக்கே வேறு. வெள்ளைக் கூழைக்கடா இறக்கையை விரித்தால் இரண்டரை மீட்டரைத் தாண்டுவது சாதாரணம். ஃபுல் ஃப்ரேம் (36 எம்எம் அகல சென்சார்) கேமராவில் 600 எம்எம் வைத்தால், 40 மீட்டர் தூரத்தில் படத்துக்குள் அடங்கும் அகலம் 2.4 மீட்டர்தான். இறக்கை நுனி போச்சு. அதே தூரத்தில் 400 எம்எம் 3.6 மீட்டர் தருகிறது. பறவையும் முழுசாக வரும், அது போகும் திசையில் கொஞ்சம் வெற்றிடமும் மிஞ்சும்.

ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது இந்தக் கணக்கு இல்லை, எடை. ப்ரைம் 1250 கிராம், ஜூம் 1930 கிராம். எழுதிப் பார்த்தால் முக்கால் கிலோகூட வித்தியாசம் இல்லை. அது என்ன செய்கிறது என்பது நீர்க்கரையில் நின்றால்தான் புரியும். பெரிய பறவைகள் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். நம் முதுகில் காற்று படும்படி நின்றால் நம்மைப் பார்த்தபடியே வரும். தூரத்தில் புள்ளியாகத் தெரியும்போதே லென்ஸைத் தூக்கிவிட வேண்டும். அது நேராக வந்து இறங்காது. ஒரு வட்டம் அடிக்கும், மனசு மாறும், இன்னொரு வட்டம் அடிக்கும். அதுவரை வ்யூஃபைண்டரிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. ஜூமை 600க்கு நீட்டியதும் பாரம் முன்பக்கம் போய்விடும். இடது மணிக்கட்டு கடுக்க ஆரம்பிக்கும். கூழைக்கடா இறக்கையைக் குடைபோல் வளைத்து, சவ்வுக் கால்களை முன்னே நீட்டுவது ஓரிரு நொடிதான். சரியாக அந்த நேரத்தில்தான் கை நடுங்கும். கொஞ்சம் இறக்கி ஓய்வெடுத்துவிட்டு மறுபடி தூக்கினால் பறவை தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கும். 400ல் இந்தத் தொல்லை மிகவும் குறைவு. நீட்ட வேண்டிய பாகம் இல்லை, பாரம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

ட்ரைபாடில் கிம்பல் ஹெட் (கனமான லென்ஸைத் தாங்கி எளிதாகத் திருப்ப உதவும் தலைப்பகுதி) மாட்டினால் எடை ஒரு பிரச்சினையா என்று கேட்கலாம். மறைவிடத்தில் உட்கார்ந்து எடுப்பதாக இருந்தால் பிரச்சினை இல்லைதான். தலைக்கு மேலே கடந்து பின்பக்கம் திரும்பும் பறவைக்கு அது உதவாது, ஆடும் படகில் சுத்தமாக உதவாது.

ஜூமுக்கும் சேர வேண்டிய பாராட்டு உண்டு. பூநாரைக் கூட்டம் வரிசையாகப் பக்கத்தில் கடந்தால் 400ல் பாதிதான் அடங்கும். ஜூமில் 200க்கு இறங்கினால் மொத்த வரிசையும் கிடைக்கும். கூழைக்கடா தண்ணீரை உதைத்துக்கொண்டே ஓடி மேலெழும்போதும் அப்படித்தான். அப்புறம், 400ல் நடுக்கத் தடுப்பு கிடையாது. பகலில் 1/1600 நொடி ஷட்டர் வேகத்தில் எடுக்கும்போது அது தேவைப்படாது. சாம்பல் நாரை நிதானமாகச் சிறகடிப்பதால் 1/1000கூடப் போதும். அந்தி வெளிச்சத்தில் ஷட்டரை 1/60க்கு இறக்கி, இறக்கை அசைவு தெரிய எடுப்பவர்களுக்கு ஜூம்தான் வசதி. அந்த வகைப் படங்களை நான் அதிகம் எடுப்பதில்லை, அதனால் இதில் என் பேச்சை முழுசாக நம்ப வேண்டாம். மிரர்லெஸ் கேமராவில் அடாப்டர் போட்டு 400ஐக் கொஞ்ச நேரம்தான் பயன்படுத்தியிருக்கிறேன். ஃபோகஸ் தடுமாறவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ப்ரைம் வாங்கினால் ஃபோகஸ் ஸ்விட்சை 8.5 மீட்டர் முதல் முடிவிலி வரை என்ற நிலையில் வைத்துவிடுங்கள். லென்ஸ் தேவையில்லாமல் கிட்டத்துக்குப் போய்த் தேடாது. கூட்டப் படங்கள்தான் ஆசை என்றால் ஜூம் சரி. பணம் கொடுப்பதற்கு முன் அதை 600க்கு நீட்டி, கண்ணிலிருந்து இறக்காமல் ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள்.