நெடுநாள் நின்ற டர்போ கார்: அப்படியே ஸ்டார்ட் செய்வதா, பிரிப்பதா, சோதிப்பதா?

பல வருடம் ஓடாமல் கிடந்த டர்போ பெட்ரோல் கார் கைக்கு வந்தால் மூன்று யோசனைகள் மோதும். புது பேட்டரி மாட்டி, புது பெட்ரோல் ஊற்றி, சாவியைத் திருப்பிப் பார்த்துவிடலாம் என்பது ஒன்று. எஞ்சினை இறக்கி முழுக்கப் பிரித்துவிடலாம் என்பது இன்னொன்று. எஞ்சின் வண்டியிலேயே இருக்கட்டும், ஒவ்வொன்றாகச் சோதித்த பிறகு ஸ்டார்ட் செய்யலாம் என்பது மூன்றாவது. என் ஓட்டு மூன்றாவதற்கு. காரணம் ஆயில்.

வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அமுக்கி அனுப்புவது டர்போ. அதன் சாஃப்ட் (நடுத்தண்டு) நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளைத் தாண்டிச் சுழலக்கூடியது. பெரும்பாலான டர்போக்களில் அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம்தான். வருடக்கணக்கில் நின்ற வண்டியில் அந்த ஆயில் வடிந்து போயிருக்கும். டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோல் பிசினாகி, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரை அடைத்திருக்கும். எத்தனால் கலந்ததென்றால் ஈரத்தையும் இழுத்து வைத்திருக்கும். சாவியைத் திருப்பும் அவசரம் டர்போ இல்லாத எஞ்சினில் சில சமயம் தப்பிவிடும். இங்கே வறண்ட பேரிங்கும் அடைத்த இன்ஜெக்டரும் ஒரே நேரத்தில் சோதிக்கப்படுகின்றன. முதல் வழியை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

முழுக்கப் பிரிப்பது நேர்மையான வழிதான். ஆனால் தேவை இருக்கிறதா என்று தெரியும் முன்பே பிரித்தால் வேலை பல மடங்காகும். டப்பாக்களில் பாகங்களாகவே விற்பனைக்கு வரும் ப்ராஜெக்ட் கார்களைப் பார்க்கும்போது மனசு கனக்கிறது. ஆயிலில் தண்ணீர் கலந்திருந்தாலோ எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க் கையால் சுற்றவே மறுத்தாலோ மட்டும் பிரியுங்கள்.

மூன்றாவது வழி இப்படிப் போகும். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு ஊறவிடுங்கள். பிறகு கிராங்க் புல்லியில் சாக்கெட் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். டைமிங் பெல்ட் உள்ள எஞ்சின் என்றால் கிலோமீட்டர் குறைவாக இருந்தாலும் அதை மாற்றிவிடுங்கள், ரப்பருக்கு வயதும் கணக்கு. டேங்கைக் காலிசெய்து, பெட்ரோல் ஃபில்டரை மாற்றி, இன்ஜெக்டர்களைக் கழற்றி பெஞ்சில் சுத்தம் செய்து, பாயும் அளவு எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். டர்போ எஞ்சினில் ஒரே ஒரு இன்ஜெக்டர் குறைவாகப் பாய்ந்தாலும் பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) ஏறும்போது அந்த சிலிண்டரின் பிஸ்டன் உருகக்கூடும். புது ஆயில் ஊற்றி, பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டித்து, பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டரால் விட்டுவிட்டுச் சுற்றி ஆயில் பிரஷர் வந்ததை உறுதிசெய்யுங்கள். சிலிண்டரில் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கும் கம்ப்ரஷன் சோதனையும் அதோடு முடியட்டும். சிலிண்டர்களுக்கிடையே வித்தியாசம் பெரிதாக இல்லை என்றால் எஞ்சினை இறக்க வேண்டியதில்லை.

இனி டர்போ. இதில்தான் உண்மையான போட்டி: இருப்பதையே வைத்துக்கொள்வது, ரிப்பேர் கிட் வாங்கி நாமே பேரிங் மாற்றுவது, நடுப்பகுதியான கார்ட்ரிட்ஜை மட்டும் மாற்றுவது, மலிவான நகல் டர்போ வாங்குவது.

சாஃப்டைப் பக்கவாட்டில் ஆட்டினால் லேசாக ஆடும். ஆயில் இல்லாத பேரிங்கில் அது இயல்பு, பலர் அதைக் கண்டு பதறி நல்ல டர்போவைக் கழித்துவிடுகிறார்கள். முன்னும் பின்னும் ஆட்டம் தெரிந்தாலோ இறக்கைகள் கூட்டில் உரசிய தடம் இருந்தாலோதான் அது போனது. இரண்டும் இல்லையென்றால் இருப்பதையே வைத்துக்கொள்ளுங்கள்.

கிட்டை விட கார்ட்ரிட்ஜ் எனக்குப் பிடிக்கும். அது மெஷினில் பேலன்ஸ் செய்து வருகிறது. வீட்டில் பேரிங் மாற்றினால் அந்த பேலன்ஸைச் சரிபார்க்க வழியில்லை. நகல் டர்போவில் வெளிக்கூடும் பேரிங்கும் எப்படி இருக்கும் என்பது குருட்டு அதிர்ஷ்டம். கழற்றி மாட்டும் உழைப்பு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான் என்பதால், அந்த இடத்தில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

எதை மாட்டினாலும் ஆயில் வரும் குழாயைப் பாருங்கள். சில எஞ்சின்களில் அந்தக் குழாயின் பேஞ்சோ போல்ட்டுக்குள் (ஆயில் ஊடே போகும் துளையுள்ள போல்ட்) சிறிய வடிகட்டி இருக்கும். கரி அடைத்த அந்த வடிகட்டியை அப்படியே விட்டால் புது டர்போவும் பழையதன் வழியில்தான் போகும். ஆயில் இறங்கும் குழாய் வளைவில்லாமல் கீழ்நோக்கி இருக்க வேண்டும். அது அடைத்திருந்தாலும், எஞ்சின் அடிப்பகுதியின் ஆவியை வெளியேற்றும் கிராங்க்கேஸ் காற்றோட்ட வால்வு அடைத்திருந்தாலும் நீலப் புகை வரும். டர்போவை மாற்றி அந்தப் புகையை நிறுத்த முடியாது. பழைய டர்போ உடைந்திருந்தால் டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குள் உலோகத் துணுக்குகள் கிடக்கும், அதையும் விடாதீர்கள்.

கறுப்புப் புகை வேறு கதை. உள்ளே வரும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள காரில், டர்போவுக்குப் பிறகு ரப்பர் குழாய் வெடித்திருந்தால் அளந்த காற்று வெளியேறிவிடும், அதற்கான பெட்ரோல் மட்டும் உள்ளே வரும். குறைந்த அழுத்தத்தில் காற்றை ஏற்றிக் கசிவு தேடினால் பிடிபடும்.

பிரேக் ஆயில், டயர், கூலன்ட் ஹோஸ் மூன்றையும் விவாதமே இல்லாமல் மாற்றுங்கள்.

முதல் ஓட்டங்களில் பூஸ்டைக் கூட்டும் பூஸ்ட் கண்ட்ரோலரைக் கழற்றி வைத்து, வேஸ்ட்கேட் (புகையை டர்போவைத் தவிர்த்துத் திருப்பிவிட்டு பூஸ்டை அடக்கும் வால்வு) ஸ்பிரிங் தரும் அளவோடு நிறுத்துங்கள். துருப்பிடித்து மூடியபடி இறுகிய வேஸ்ட்கேட் பூஸ்டை அளவில்லாமல் ஏற்றிவிடும் என்பதால் அது தடையின்றி அசைகிறதா என்று முன்பே பார்க்க வேண்டும். கொஞ்ச தூரம் ஓடியதும் ஆயிலை மாற்றி, ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரித்துப் பாருங்கள். செம்பு நிறத் துகள் மின்னினால் பேரிங் தேய்கிறது, ஓட்டுவதை அங்கேயே நிறுத்துங்கள். சுத்தமாக இருந்தால் கண்ட்ரோலரை மாட்டலாம்.